நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளும் நம் கிணறுகளும்

நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் முன்னர் நஞ்சையாகவும் புஞ்சையாகவும் இருந்த நிலங்களில் இன்று பெட்ரோல் பங்க்குகள் நிற்பதை யாவரும் காண்கிறோம். கண்ணுக்குத் தெரிவன கூரையும், எண்ணெய் ஊற்றும் இயந்திரங்களும், விளக்குகளுமே. அவற்றின் அடியில், பல்லாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டிகள் மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. தொட்டியிலிருந்து இயந்திரங்களுக்குச் செல்லும் குழாய்களும் மண்ணுக்குள்ளேயே ஓடுகின்றன. அடுத்த வயலில் உழுபவர் அவற்றைப் பற்றி நினைப்பதற்கு யாதொரு காரணமும் ஏற்படுவதில்லை. தம் கிணற்றில் ஒரு நாள் பெட்ரோல் வாடை வீசும் வரையில்.

வாடை வீசிய பின்னர் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஊரார் கூடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து முகர்ந்து பார்க்கிறார். கையில் அகப்பட்ட பாட்டிலில் தண்ணீர் மொண்டு பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. பங்க் உடையவரோ தம் தொட்டியில் ஓட்டையில்லை என்கிறார். இரண்டு மாதம் கழித்து, தண்ணீரில் குறிப்பிடத்தக்க எண்ணெய் இல்லை என்று ஓர் அறிக்கை வந்தாலும் வியப்பதற்கில்லை. இவ்விதம் விசாரணையைக் கிணற்றடியில் தொடங்குவதே முறையன்று என்பது நம் அபிப்பிராயம். அது தொட்டியின் கணக்குப் புத்தகத்தில் தொடங்க வேண்டும்; அத்துடன், கசிவு நேருமுன்னரே அதற்கு வேண்டிய ஆதாரங்களைக் கிராமத்தார் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

கசிவு எவ்வளவு சிறியதாயிருந்தால் தீங்கு விளையும் என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயை எடுத்துக்கொள்வோம். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டராகுமானால், நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 4.3 லிட்டரும், ஆண்டொன்றுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் மண்ணில் இறங்கும். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு வரையில் பென்சீன் என்னும் வஸ்து இருக்க விதிகள் இடங்கொடுக்கின்றன. இது இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு சதவீதம் பென்சீன் இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 9 கிராம். அது முழுவதும் தண்ணீரில் கரையுமானால் எட்டரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். நடைமுறையில் முழுவதும் கரைவதில்லை; ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆயினும் அளவின் போக்கு இதனால் விளங்கும். மூக்குக்கு வாடை எட்டும் நிலையை அடைந்த கிணறு வரம்பைப் பன்மடங்கு கடந்துவிட்ட கிணறாகவே இருக்கக்கூடும்.

கணக்கில் தெரிந்த குறையைத் துருவிப் பாராமல் விட்டதன் பலனை உலகறியக் காட்டியது, அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில், ஹோனலூலு நகருக்கு அருகேயுள்ள ரெட் ஹில் என்னும் குன்றில் நிகழ்ந்த விபத்தாகும். அக்குன்றைக் குடைந்து, இரண்டாம் உலகப் போரின் காலத்தில், அந்நாட்டுக் கடற்படையினர் இருபது பெருந்தொட்டிகளை அமைத்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.7 கோடி லிட்டர் கொள்வது. தொட்டிகளுக்கு நூறடி கீழே, நகருக்கும் படைக் குடியிருப்புகளுக்கும் குடிநீர் தரும் நிலத்தடி நீர்ப்படுகை இருந்தது. 2014-ஆம் ஆண்டிலேயே ஒரு தொட்டியிலிருந்து சுமார் ஒரு லட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. அப்போதும் தொட்டிகள் மூடப்படவில்லை.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, எரிபொருளை ஒரு தொட்டிக்கு மாற்றும்போது பணியாளரின் பிழையால் குழாய் பிளந்தது. கீழே சிந்தியது 6,000 லிட்டர் அளவே என்று முதலில் எழுதி வைத்தனர். உண்மையில் வெளியேறியது 75,000 லிட்டருக்கு மேல். எஞ்சியது எங்கே போயிற்று? தீயணைப்புக்கென்று அமைத்திருந்த வேறொரு வடிகுழாயில் புகுந்து, ஒருவரும் அறியாமல் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கிக் கிடந்தது. குறைவு கணக்கில் இருந்தது. அதை முடிவுவரை துரத்திச் சென்றவர் இல்லை. நவம்பர் 20-ஆம் தேதி, சுரங்கத்தில் ஓடும் ஒரு வண்டி அவ்வடிகுழாயின் வால்வில் மோதவே, எரிபொருள் வெளிப்பட்டு, வடிகால் வழியாகக் குடிநீர்க் கிணற்றை அடைந்தது. அம்மாத இறுதியில் வீட்டுக் குழாய்களில் எண்ணெய் வாடை வீசுவதாகத் தாய்மார்கள் முறையிட்டனர். தண்ணீர் நன்றாகவே இருக்கிறதென்று முதலில் பதில் கூறப்பட்டது. அந்த நீரமைப்பை நம்பியிருந்தோர் சுமார் 93,000 பேர். 2022 மார்ச்சு மாதத்தில் தொட்டிகளை நிரந்தரமாக மூட உத்தரவாயிற்று; 2023 அக்டோபர் தொடங்கி 2024 மார்ச்சுக்குள் எரிபொருளில் மிகப் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டது. அத்துணைப் பெரிய இராணுவமும், அளவுகோல்களும், பொறியாளர்களும் இருந்த இடத்திலேயே கணக்கைச் சரிபார்க்கத் தவறினரென்றால், நம் சாலையோரத்துச் சிறு பங்க்கில் அது தவறுவதற்குக் கேட்கவா வேண்டும்?

இந்தக் கணக்கென்பது பெரிய வித்தையன்று. காலையில் அளவுகோலைத் தொட்டிக்குள் விட்டு எண்ணெயின் உயரத்தை அளக்கிறார்கள். இப்போது பல இடங்களில் மின் கருவியே அளக்கிறது. முந்தைய நாள் இருப்புடன் லாரியில் வந்ததைக் கூட்டி, விற்றதைக் கழித்தால், தொட்டியில் இருக்க வேண்டியது தெரியும். அதற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசமே நாம் காண வேண்டுவது. ஒரு நாள் குறைவு கண்டதும் ஓட்டையென்று கூவிவிடலாகாது. பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் பதினாயிரம் லிட்டருக்குப் பன்னிரண்டு லிட்டர் வீதம் சுருங்கும்; வெயிலில் வந்த லாரியின் சரக்கு, குளிர்ந்த மண்ணுக்குள் இறங்கியதும் அளவில் குறைவது இயற்கை. ஆவியாகிப் போவதும் உண்டு. கோலைப் பார்ப்பவரின் கண்பிழையும் உண்டு. ஆனால் கண்பிழை ஒரு நாள் கூடுதலாகவும் மறுநாள் குறைவாகவும் விழும். ஓட்டையோ என்றும் குறைத்தே காட்டும். ஆகவே முப்பது நாள் வித்தியாசத்தை வரிசையாக எழுதி, கூட்டல் குறி எத்தனை, கழித்தல் குறி எத்தனை என்று எண்ணினாலே பாதி உண்மை வெளிப்படும். அடங்கல் எழுதிப் பழகிய எந்தக் கிராம அலுவலருக்கும் இது விளங்காததன்று.

இம்முறையின் குறையையும் மறைக்கலாகாது. அமெரிக்காவில் மாத வித்தியாசம், விற்பனையில் ஒரு சதவீதத்துடன் 130 காலன், அதாவது 490 லிட்டருக்குச் சற்று மேல், கடந்தால்தான் கசிவென்று சந்தேகிக்க வேண்டுமென்பது விதி. நாம் முன்னே சொன்ன சொட்டுக் குழாய் மாதத்துக்கு 130 லிட்டரே ஒழுக விடுவதால், அது இந்த வலையில் சிக்காமலே போகலாம். இதனாலேயே அங்கு இக்கணக்கைத் தனியே நம்பாமல், தொட்டியையும் குழாயையும் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதையும் சேர்த்துச் செய்கின்றனர். அந்நாட்டில் 1984-இல் இதற்கெனச் சட்டம் செய்த பின், இதுவரை உறுதிப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கு மேல்.

தொட்டியைவிடக் குழாயே பல சமயங்களில் குற்றவாளியாகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மேலேயுள்ள இயந்திரம் எண்ணெயை உறிஞ்சி இழுக்கும் பழைய அமைப்பில், குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உட்புகுந்து, எண்ணெய் தொட்டிக்கே திரும்பி விழும். இயந்திரமும் சரியாக ஓடாது. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மோட்டார் எண்ணெயை மேலே தள்ளும் அமைப்பிலோ, இயந்திரம் ஓடும் ஒவ்வொரு முறையும் ஓட்டை வழியே எண்ணெய் மண்ணுக்குள் பாய்ச்சப்படும். எனவே, பங்க்கில் எவ்வகை அமைப்பு என்று கேட்பது வீண் கேள்வியன்று. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தொட்டியின் அடியைவிட உயரும் ஊர்களில், தொட்டிக்குள் தண்ணீர் சேர்ந்திருப்பதும் ஓட்டைக்கு ஓர் அடையாளம்.

இனி மண்ணுக்குள் நடப்பது. பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. மண்ணின் வழியே கீழிறங்கி, நீர்மட்டத்தை அடைந்ததும் அதன்மேல் படலமாய் மிதக்கும். கரையக்கூடிய பகுதி நீருடன் கலந்து, நீர் ஓடும் திசையில் மெல்ல நகரும். வடகிழக்குப் பருவமழையில் நம் நீர்மட்டம் உயர்வதும், கோடையில் இறங்குவதும் நாம் அறிந்தவை. படலமும் அதனுடன் ஏறியிறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் எண்ணெயைப் பூசிவிடும். ஆதலால் ஐப்பசியில் வாடையில்லாத கிணறு சித்திரையில் வீசலாம். சித்திரையில் வீசியது மறு ஐப்பசியில் தெளிந்தாற்போலத் தோன்றலாம். தெளிந்துவிட்டதென்று கோப்பை மூடிவிடுவது பெரும்பிழை.

1995-இல் கலிபோர்னியாவில் பல நூறு கசிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், கரைந்த பென்சீன் பெரும்பாலும் 250 அடிக்குள் நின்றுவிடுகிறதென்றும், அதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே காரணமென்றும் கண்டனர். இது ஆறுதலான செய்தியே. ஆயினும் அதனை நம் நாட்டில் அப்படியே கொள்வதற்கில்லை. அது மணலும் வண்டலுமான பூமியில் கண்ட முடிவு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறைப் பூமி; நீர் பாறை வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. வெடிப்பு எத்திசையில் செல்கிறதோ அத்திசையிலேயே எண்ணெயும் செல்லும். பங்க்கை அடுத்த கிணறு தப்பி, மூன்றாவது வயலிலுள்ள ஆழ்துளைக் கிணறு கெடுவதற்கு இடமுண்டு. தவிரவும், நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். நுண்ணுயிர்களுக்கு எத்தனால் விருப்பமான உணவாதலின், அதை முதலில் உண்டு, மண்ணிலுள்ள பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. பென்சீன் அதிக தூரம் செல்ல இது இடங்கொடுக்கிறது. 2013-ஆம் ஆண்டு சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்து, நிலத்தடிக் குழாயின் கசிவே காரணமென்று தெரியவந்தபின், அம்மண்ணையும் நீரையும் சுத்தி செய்யும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டதை நாம் மறக்கலாகாது. நகரத்தாருக்குத் தண்ணீர் லாரியாவது வந்தது. பத்து ஏக்கர் நிலத்துக்கும் தொழுவத்து மாடுகளுக்கும் லாரி வருமா?

நீர் எத்திசையில் ஓடுகிறதென்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில், மோட்டார்களை நிறுத்தி வைத்து, ஒரே மட்டத்தை ஆதாரமாகக் கொண்டு அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்த ஆழம் மட்டும் போதாது. தரையே மேடும் பள்ளமுமாயிற்றே. இவ்வளவும் செய்தபின்னரே எங்கே துளையிட்டு மண்ணெடுப்பது என்று தீர்மானிக்க இயலும். பங்க்கைச் சுற்றி வட்டமாக நாலு குழி தோண்டிவிட்டு, ஒன்றும் காணோம் என்று எழுதும் விசாரணையை விசாரணையென்று சொல்வதற்கில்லை.

வாடை கண்ட குடியானவர்கள் செய்யும் முதற்காரியம் கிணற்றை ஒட்ட இறைப்பது. இறைத்துவிட்டால் ஊற்று தெளிந்துவிடும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. செத்த பிராணி விழுந்த கிணற்றுக்கு அது பொருந்தும். இங்கேயோ, இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்ந்து, அக்கம்பக்கத்து எண்ணெயையெல்லாம் கிணறு தன்னிடமே இழுத்துக்கொள்ளும். இறைத்த நீரைப் பாய்ச்சிய வயலும் கெடும். மண் பரிசோதகர் வந்து சொல்லும் வரையில் மோட்டாரை நிறுத்தி வைப்பதே நலம். அந்நீரைக் காய்ச்சிக் குடிக்கலாமென்று சிலர் சொல்வதும் ஆபத்து. காய்ச்சுவதால் பென்சீன் அடுப்பங்கரைக் காற்றில் கலக்கும். எல்லாவற்றிலும் கொடியது, விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவது. நச்சுக்காற்று உள்ளதா என்றறிய நம்மவர் கையாளும் இவ்வழக்கம், பெட்ரோல் ஆவி நிறைந்த கிணற்றில் வெடியாகவே முடியும்.

மாதிரி எடுக்கும் வகையிலும் கவனம் வேண்டும். பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு, மறுநாள் பாட்டிலில் ஊற்றி அனுப்பிய தண்ணீரில் பென்சீன் பெரும்பாலும் பறந்து போயிருக்கும். இறுக்கமான மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழியும் இல்லாதபடி விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வகத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும். எந்த வஸ்துவுக்காகச் சோதிக்க வேண்டுமென்பதையும் கடிதத்தில் எழுத வேண்டும். உப்பும் காரத்தன்மையும் மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பிய அறிக்கையால் ஒரு பயனும் இல்லை.

இப்பொழுது நாம் வற்புறுத்த விரும்பும் யோசனைக்கு வருவோம். பெட்ரோல் சேமித்து விற்க உரிமம் பெறுவோர், 2002-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்படி, மாவட்ட அதிகாரியின் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அதற்கு முன் வருவாய்த் துறையாரின் அறிக்கை கேட்கப்படுவது வழக்கம். கிராம நிர்வாக அலுவலர் அப்போது நிலத்தின் சர்வே எண்ணையும் எல்லைகளையும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், சுற்றுவட்டத்திலுள்ள ஒவ்வொரு கிணற்றின் ஆழத்தையும், நீர்மட்டத்தையும், அது குடிநீரா பாசனமா என்பதையும் எழுதி அறிக்கையுடன் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று கிணறுகளின் நீரையாவது விண்ணப்பதாரர் செலவில் சோதித்து, அதன் முடிவையும் கோப்பில் வைக்க வேண்டும். தொட்டி புதைக்குமுன் தண்ணீர் இப்படியிருந்தது என்ற சான்று இல்லாமையினாலேயே, பின்னர் எழும் வழக்குகளில் குடியானவர் கை தாழ்கிறது. உங்கள் டீசல் மோட்டாரிலிருந்து சிந்தியதுதானே என்று கேட்டால் அவர் என்ன விடை சொல்வார்? இக்கேள்வி முற்றும் நியாயமற்றதென்றும் சொல்ல முடியாது. கிணற்று மேட்டில் டீசல் பீப்பாயை உருட்டி வைத்து, ஊற்றும்போதெல்லாம் கால்படி சிந்துகிறவர்கள் நம்மில் இல்லாமலில்லை. பீப்பாயை அங்கிருந்து அகற்றினால் அந்த வாதமும் அகலும்.

நிலவுடைமையாளர்களுக்கு இதில் வேறொரு பொறுப்பும் உண்டு. சாலையோர நிலத்தைப் பங்க்குக்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடுபவர்களில் இப்பத்திரிகையின் வாசகர்களும் இருப்பார்கள். மாத வாடகையைப் பற்றி எவ்வளவு பேரம் நடக்கிறது! குத்தகை முடியும்போது தொட்டியைத் தோண்டி எடுப்பது யார், அடிமண்ணைச் சோதிப்பது யார், கெட்டிருந்தால் சுத்தி செய்யும் செலவு யாருடையது என்பவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதிக்கொள்ளாமல் கையொப்பமிடுகிறார்கள். குத்தகைதாரர் போனபின் மண்ணுக்குள் எஞ்சுவது நிலத்துக்குரியவரின் தலையிலேயே விழும்; பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கும் நிலத்தின் விலையும் விழும். மாதாந்திர வித்தியாசக் கணக்கின் நகலைத் தமக்குத் தர வேண்டுமென்றும், தொட்டியையும் குழாயையும் குறித்த காலங்களில் சோதித்த சான்றைக் காட்ட வேண்டுமென்றும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இது வியாபார இரகசியம் என்று மறுப்பவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: விற்பனை எவ்வளவென்று நாம் கேட்கவில்லை, மண்ணுக்குள் போனது எவ்வளவென்றே கேட்கிறோம். கசிவினால் முதலில் பணம் இழப்பவர் பங்க் உடையவரே. அவர் கணக்கை ஒளிப்பாரானால், அது நஷ்டத்துக்கு அஞ்சியன்று, உரிமம் போய்விடுமென்று அஞ்சியே.

சட்டத்தில் நமக்கு ஆதரவு உண்டு. பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிலால் நிலமும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பையும் சீர்திருத்தும் செலவையும் ஏற்க வேண்டுமென்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. ஆயினும் அங்கே காலவரையறை உண்டு. சுற்றுச்சூழல் தகராற்றைப் பற்றிய விண்ணப்பத்துக்கு வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேலும் அறுபது நாள். வாடை முதலில் எந்த நாளில் கண்டது என்பது இவ்வளவு முக்கியமாயிருக்க, அதை எழுதி வைக்கும் வழக்கம் ஊர்களில் இல்லை. போன கோடையில் என்றோ, திருவிழாவுக்கு முன் என்றோ சொல்கிறார்கள்.

ஆகவே, ஒருவர் வந்து தம் கிணற்றில் வாடை அடிக்கிறதென்று சொன்ன அன்றே, கிராம நிர்வாக அலுவலர் தேதியையும், கிணற்றின் சர்வே எண்ணையும், அன்றைய நீர்மட்டத்தையும், அருகிலுள்ள எண்ணெய்த் தொட்டிகள் எவை என்பதையும் எழுதி, சொன்னவரின் கையொப்பம் பெற வேண்டும். அதன் ஒரு நகலை வட்டாட்சியருக்கும், ஒரு நகலை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பி, முந்தைய பன்னிரண்டு மாதங்களின் இருப்புக் கணக்கைப் பங்க்கிலிருந்து உடனே தருவிக்கும்படி அவர்களைக் கேட்க வேண்டும். மூன்றாவது நகலைக் கிணற்றுக்குரியவரிடம், தேதி முத்திரையுடன், கொடுத்துவிட வேண்டும்.